மாப்பிள்ளை எங்கே?

போன செவ்வாய்க்கிழமை, கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட். கடுகண்ணாவை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடித்து, காதில் இயர்ஃபோனைச் செருகப் போனேன். டிரைவர் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"தங்கச்சி, நீங்க டைம் கீப்பர் அந்தோனி அண்ணனோட மகதானே? அண்ணனுக்கு இப்ப எப்படி? கை வந்திருச்சா?"

"கை கொஞ்சம் கொஞ்சமாத்தான் வருது அண்ணே. ஆனா அம்மா வந்துட்டாங்க!"

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். அப்பாவுக்கு வந்தது மகளுக்கும் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார், பாவம். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் இப்போதைக்கு எங்கேயும் கிளம்பவில்லையே?

அப்பா ஓய்வு பெறும்வரை அந்த பஸ் ஸ்டாண்டில்தான் டைம் கீப்பர். கூண்டு மாதிரி ஒரு சின்ன அறை, சுவரில் மணிக்கூடு, கையில் மைக். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று மைக்கில் சத்தம் போடுவதுதான் வேலை. யாராவது பஸ்ஸில் குடையையோ சாப்பாட்டுப் பெட்டியையோ விட்டுவிட்டுப் போனால் அதையும் அறிவிப்பார். அம்மா ஸ்டெல்லா, முன்பள்ளி டீச்சர். கத்துகிற பிள்ளைகளை விடச் சத்தமாகக் கத்தியே பழகியவர். இந்த இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்தால்? கடுகண்ணாவையில் எங்கள் வீட்டு ரகசியம் தெரியாத ஆளே கிடையாது.

மூன்று மாதங்களுக்கு முன்னால் ஒரு காலை. இருவருக்கும் சண்டை. காரணம், அப்பாவின் மீசை.

"நரைச்சுப் போயி வாசல் கூட்டுற தும்புக்கட்டை மாதிரி இருக்கு. எடுத்துத் தொலைங்களேன்!"

"மீசை இல்லாட்டி எந்த டிரைவர் என்னைய மதிப்பான்?"

"நீங்க ரிட்டயர் ஆனது எந்த டிரைவருக்காவது ஞாபகம் இருக்கா?"

அப்பா கோபித்துக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார். கோப்பை இடது கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது.

எதிரே ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ரவூப் நானா கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, தன் வேனில் அப்பாவைப் போட்டுக்கொண்டு கண்டிக்குப் பறந்தார். நேரத்துக்குப் போனதால் உயிர் தப்பியது. இடது கையும் காலும்தான் சோர்ந்து போயின. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் பொறுமையாக நிறையச் சொன்னார். நாங்கள் கேட்டது மூன்றே மூன்று — கை வருமா, கால் வருமா, பேச்சு இருக்குமா? "பேச்சுக்கு ஒன்றும் இல்லை" என்றதும் அம்மா அந்த இடத்திலேயே ஜெபமாலையை எடுத்துவிட்டார். மிச்சம் எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை.

பேச்சு இருந்தது. ஐயோ, எப்படிப்பட்ட பேச்சு!

வீட்டுக்கு வந்த முதல் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். போர்வைக்கு மேலே கிடந்த தன் இடது கையை வலது கையால் தூக்கிக் காட்டினார்.

"புள்ள, இந்தக் கையை யாரு இங்க விட்டுட்டுப் போனது?"

"அது உங்க கைதான்ப்பா."

"என் கை இதோ இருக்கே. இது வேற யாரோடயோ. தேடிக்கிட்டு அலையப் போறாங்க பாவம். மைக்ல ஒரு தரம் சொல்லு."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். குழாயடியில் பாத்திரம் எதுவும் இல்லை.

அடுத்தது சாப்பாடு. நடுவில் சோறு, இந்தப் பக்கம் பருப்பு, அந்தப் பக்கம் கருவாட்டுப் பொரியல், கீரைச் சுண்டல். அப்பா பாதித் தட்டைச் சுத்தமாகச் சாப்பிடுவார். மிச்சப் பாதி வைத்தது வைத்தபடி. "கருவாடு வாசம் வருது, தட்டுல காணோமே. உங்கம்மா என்னைய பத்தியத்துல போட்டுட்டாளா?" என்று என்னிடம் கேட்பார். கருவாடு அங்கேயே இருக்கும். அம்மாவும் அங்கேயே இருப்பார், கட்டிலை ஒட்டிய கதிரையில்!

இது எங்கள் எல்லோரையும் விட அம்மாவைத்தான் தின்றது. அப்பாவுக்கு எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. என்னைத் தெரிந்தது. பால் கொண்டுவருகிறவரைத் தெரிந்தது. ரவூப் நானா வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"எப்படி ஈக்கிறீங்க அண்ணே?"

"வாங்க நானா! குட்ஷெட் எப்படிக் கிடக்கு? புசல்லாவை பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு எடுக்கிறானுகளா?"

"எங்க எடுக்கிறான்? நீங்க போன பொறகு அவன் நெனச்ச நேரம்தான் நேரம்."

இப்படி மணிக்கணக்கில் போகும். இவ்வளவும் நடக்கும்போது அம்மா அவருடைய இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். ஒரு பார்வை? இல்லை. "என்னாங்க, தண்ணி வேணுமா?" என்று காதுக்கருகில் கேட்டால், அப்பா எதிர்ப்பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்துச் சொல்வார்: "நானா, ஸ்டெல்லா எங்கேயோ இருந்து கத்துறா, கேக்குதா?"

வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மூளை குழம்பிருச்சு போல" என்று மெதுவாகச் சொன்னார்கள். எங்கள் ஊரில் மெதுவாகச் சொல்வதென்பது அடுத்த வீட்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்வது.

நான் என்ன செய்தேன்? வேறென்ன, ஃபோனை எடுத்தேன். ராத்திரியெல்லாம் தேடி, காலையில் ஒரு நோயோடு எழுந்திருப்பேன். திங்கட்கிழமை அப்பாவுக்கு மறதி நோய். புதன்கிழமை காது மந்தம். வெள்ளிக்கிழமை ஆளே மாறிப்போகும் ஏதோ ஒன்று, வாயில் நுழையாத பெயர். ஒவ்வொன்றையும் உற்சாகமாக அம்மாவுக்கு விளக்குவேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொல்வார்: "எல்லா நோயும் என்னைய மட்டும் மறக்கச் சொல்லுதா?"

கேள்வி நியாயம்தானே?

அப்புறம்தான் மீசை. ஒரு சனிக்கிழமை அப்பா தானே சவரம் செய்வேன் என்று அடம்பிடித்தார். வலது கைக்கு ஒன்றுமில்லையே, செய்யட்டும் என்று கண்ணாடியையும் ரேசரையும் கொடுத்துவிட்டு நான் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால்... வலது கன்னம் பளபளவென்று இருந்தது. இடது கன்னத்தில் தாடி. வலது பக்கம் மீசையே இல்லை. இடது பக்கம் முழு மீசை. ஒரே முகத்தில் இரண்டு ஆட்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் பெருமையாக.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தார். முகம் அப்படியே செத்துப்போனது.

"பாத்தியா? எடுத்துத் தொலைங்கன்னு சொன்னேன்ல. பாதியை எடுத்து, பாதியை வச்சு என்னைய நக்கல் பண்றாரு. அன்னைக்கு நான் பேசின பேச்சுலதான் இவருக்கு இப்படி ஆச்சு. அதான் என் மூஞ்சியிலயே முழிக்கிறதில்ல."

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

"புசல்லாவைக்குப் போறேன், சித்தி வீட்டுக்கு. கொஞ்ச நாள் இருந்துட்டு வாறேன். உங்கப்பாவுக்கு ரவூப் நானா போதும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சேலைகளைப் பையில் வைக்கும் சத்தம். கல்யாணமான நாளிலிருந்து அப்பாவை விட்டு ஒரு ராத்திரி கூட எங்கும் தங்காத அம்மா! மீசைக்கும் தும்புக்கட்டைக்கும் வருஷம் முழுக்கச் சண்டை போட்டாலும், சண்டை போட அவருக்கு அப்பா பக்கத்தில் வேண்டும். அந்த அப்பாதான் இப்போது அவரைப் பார்ப்பதில்லை. அம்மா போய்விட்டால் திரும்பி வருவாரா, எப்படிப்பட்ட அம்மாவாக வருவார் என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

பயம் வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். ஏதாவது செய்ய வேண்டும். எங்கோ வாசித்திருந்தேன், பழைய படங்களைக் காட்டினால் ஞாபகம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியுமாம். சுவரில் தொங்கிய கல்யாணப் படத்தை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது யாருப்பா?"

அம்மா பையோடு அறை வாசலில் நின்றார். போகிறேன் என்று சொல்லத்தான் வந்திருந்தார்.

அப்பா படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் மலர்ந்தது.

"ஸ்டெல்லா! என்னா அழகு பாரு. தலையில வெள்ளை நெட்டு போட்டு, பூச்செண்டு பிடிச்சுக்கிட்டு..." திடீரென்று நெற்றி சுருங்கியது. "ஆனா ஏன் புள்ள தனியா நிக்கிறா? மாப்பிள்ளை எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்லாப் பாருங்கப்பா!"

"பாத்துட்டேன். பொண்ணு இருக்கு. மாப்பிள்ளையத்தான் காணோம். பஸ்ஸை விட்டுட்டான் போல."

நான் படத்தைப் பார்த்தேன். எல்லா வீட்டுக் கல்யாணப் படத்தையும் போலத்தான். மாப்பிள்ளைக்கு இடது பக்கம் பெண். அப்படியென்றால், படத்தைப் பார்க்கிற நமக்கு வலது பக்கம் அம்மா, இடது பக்கம் அப்பா. அப்பாவுக்கு வலது பக்கம் இருக்கிற அம்மா தெரிகிறார். இடது பக்கம் நிற்கிற தன்னைத்தான் தெரியவில்லை!

இடது பக்கம்... தட்டில் மிச்சமாவது இடது பாதி. தாடி இருந்தது இடது கன்னத்தில். யாரோ விட்டுவிட்டுப் போன கை, இடது கை. ரவூப் நானாவின் கதிரை ஜன்னல் பக்கம், வலது. அம்மாவின் கதிரை?

இடது. கல்யாணப் படத்தில் அப்பாவுக்கு எந்தப் பக்கம் நின்றாரோ அதே பக்கம். கோவிலுக்குப் போகும்போது, பஸ்ஸில் உட்காரும்போது, கட்டிலில் படுக்கும்போது, வாழ்நாள் முழுக்க நின்ற அதே பக்கம். பழக்கத்தில் கதிரையையும் அங்கேயே இழுத்துப் போட்டிருந்தார்.

படத்தை மெல்ல வலது பக்கம் நகர்த்தினேன். நகர்த்திக்கொண்டே போனேன்.

"ஆ! வந்துட்டான்யா மாப்பிள்ளை!" அப்பா கைதட்டப் பார்த்தார், ஒரு கையைத் தொடையில் அடித்துக்கொண்டார். "மீசையைப் பாரு, மீசையை!" அப்புறம் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினாலும் சந்தி வரைக்கும் கேட்கும். "புள்ள, உங்கம்மாகிட்ட சொன்னியா? மீசையை எடுத்துட்டேன். அவ ஆசைப்பட்டாளேன்னுதான் எடுத்தேன். வந்து ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொல்லலியே அவ."

வாசலில் பை விழுந்தது.

அம்மா நேரே கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றார். அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"எங்கடி போயிருந்த இத்தனை நாளா?"

அம்மா அழுதாரா சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மூக்கை மட்டும் முந்தானையால் துடைத்துக்கொண்டு, "மீசை நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த அரை மீசையைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்ல முடிந்ததோ!

அடுத்த கிளினிக்கில் தெரபிஸ்ட் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். சிங்களப் பெண், தமிழ் அழகாகப் பேசுவார். சிரித்துக்கொண்டே ஒரு தாளையும் பென்சிலையும் அப்பாவிடம் நீட்டினார்.

"சரி அங்கிள், ஒரு மணிக்கூடு வரைங்க பாப்போம்."

மணிக்கூடா! டைம் கீப்பரிடமா! அப்பா பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அழகாக வட்டம் போட்டார். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு... ஆறு வரைக்கும் வலது பக்கம் வரிசையாக வந்தன. ஏழிலிருந்து இடமில்லாமல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அதே பக்கம் நெருக்கிக்கொண்டன. இடது பாதி வெறும் வெள்ளை.

"அங்கிள், இந்தப் பக்கம் ஒண்டுமே இல்லையே?"

"எந்தப் பக்கம் மிஸ்?"

அவர் எங்களுக்கு விளக்கினார். கண்ணில் குறை இல்லை. மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகும். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்கு மறந்துவிடும். அங்கே இருப்பது கண்ணுக்கு வந்தாலும் கவனம் அங்கே போகாது. அதைப் பார்த்து நாம் பிடிவாதம் என்போம், கோபம் என்போம், குழப்பம் என்போம். பழக்கினால் நிறையப் பேருக்குத் தேறும். நாளுக்கு நாள் தேறி வருகிறவருக்குத் திடீரென்று புதிதாகக் குழப்பம் வந்தால் மட்டும் வீட்டில் வைத்து ஆராய்ச்சி செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். ஆராய்ச்சி என்று சொல்லும்போது என் ஃபோனைப் பார்த்தது போலிருந்தது.

"அப்ப நான் இனிமே வலது பக்கமே இருக்கட்டா மிஸ்?" அம்மா ஆசையாகக் கேட்டார்.

"இல்ல அன்ட்டி. நீங்க இடது பக்கம்தான் இருக்கணும். அங்க இருந்து கூப்பிடுங்க, கையைத் தட்டுங்க. அவர் தேடித் திரும்பி வரணும். வலது பக்கம் யாரும் இருக்கக் கூடாது."

அம்மாவின் கண்ணில் ஒரு வெளிச்சம். முன்பள்ளி டீச்சருக்கு வேறென்ன வேண்டும்? ஒரு மாணவன், ஒரு பாடம், சத்தம் போட அனுமதி!

அன்று மாலையே வீடு தலைகீழானது. டிவி இடது பக்கம் வந்தது. தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினோம். "சிவப்பு வரைக்கும் போங்க, சிவப்பு வரைக்கும்!" என்று அம்மா பஸ் ரிவர்ஸ் எடுக்க வழி சொல்வது போலக் கத்துவார். அப்பா அங்கே போய்க் கருவாட்டைக் கண்டுபிடித்து, புதையல் கிடைத்தது போல ஆர்ப்பரிப்பார். இடது கைக்குத் தினமும் அறிமுகம் நடக்கும். "இது யாரு கை?" "...என் கை." "சத்தமா!" "என் கைதான், டீச்சர்!"

ரவூப் நானாவின் கதிரையையும் அம்மா தூக்கி இடது பக்கம் போட்டார். அடுத்த நாள் அவர் வந்து உட்கார்ந்து வாய் நிறைய ஸலாம் சொன்னார். அப்பா ஜன்னலைப் பார்த்து என்னிடம் கேட்டார்:

"என்ன புள்ள, ரவூப் நானா ரெண்டு நாளா இந்தப் பக்கமே காணோம்? என்னைய மறந்துட்டாரா?"

"யா அல்லாஹ்! அண்ணே, நான் இங்கதான் ஈக்கிறேன்!"

"கேட்டியா, எங்கேயோ இருந்து நானா கத்துறாரு."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். ரவூப் நானா என்னைப் பார்த்துச் சொன்னார்: "மகள், உங்க உம்மா இவ்வளவு நாளும் என்ன பாடு பட்டீப்பாங்க எண்டு இப்பதான் வெளங்குது." அத்தனை நாளில் முதல் தடவையாக அம்மாவின் சிரிப்பு சமையலறையிலிருந்து சந்திக்குப் போனது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நோய் வந்த பிறகு அப்பா முதல் தடவையாகக் கோவிலுக்கு வந்த நாள். எங்கள் கோவிலில் இன்னும் பழைய வழக்கம். பீடத்தைப் பார்த்து நின்றால் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், நடுவில் பாதை. அப்பா ஊன்றுகோலோடு ஆண்கள் பக்கம், பாதையை ஒட்டி உட்கார்ந்தார். நானும் அம்மாவும் பாதைக்கு இந்தப் பக்கம்.

அம்மாவுக்குப் பூசையில் மனமே இல்லை. வீட்டில் என்றால் கூப்பிடலாம், தட்டலாம். கோவிலில் கத்த முடியுமா? கூப்பிடாமல், தட்டாமல், அவராகத் தேடுவாரா? அம்மாவின் விரல்கள் ஜெபமாலையை முறுக்கிக்கொண்டே இருந்தன.

சமாதானம் பகிரும் நேரம் வந்தது. எல்லோரும் கை கூப்பி ஒருவருக்கொருவர் தலை குனிந்தார்கள். அப்பா வலது பக்கத்து ஆளுக்குக் குனிந்தார். முன்வரிசைக்குக் குனிந்தார். அவ்வளவுதான், நின்றுவிட்டார். அம்மா பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

நான் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாவின் தாடை அசைந்தது. தலை மெல்லத் திரும்பியது. திரும்பி, நின்று, இன்னும் கொஞ்சம் திரும்பியது. பாதையைத் தாண்டியது. பெண்கள் வரிசையில் ஒவ்வொரு முகமாக, சிவப்பு டேப்பைத் தேடுகிற மாதிரி, தேடிக்கொண்டே வந்தது...

"ஸ்டெல்லா!"

மைக் இல்லாமலே கோவில் முழுக்கக் கேட்டது. பாட்டுக்குழு வாயைத் திறந்தபடி நின்றது.

"அங்க என்ன செய்ற? இங்க என் பக்கத்துல இடம் இருக்கு, வா!"

அம்மா அந்தக் கோவிலில் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அந்தப் பாதையைத் தாண்டி உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு யாரையும் பார்க்காமல் தாண்டினார். அப்பா ஒரு ஆள் அளவுக்கு நகர்ந்துகொடுத்தார். அம்மா அவருடைய இடது பக்கம் நின்று, கை கூப்பித் தலை குனிந்தார். அப்பா அந்த "யாரோ விட்டுவிட்டுப் போன" கையை எடுத்து அம்மாவின் கைமேல் வைத்தார்.

ஃபாதர் பீடத்திலிருந்து கேட்டார்: "அந்தோனி அண்ணே, சமாதானம் முடிஞ்சுதா? பூசையைத் தொடரலாமா?"

"நேரமாச்சு ஃபாதர், எடுங்க!" என்றார் டைம் கீப்பர்.

நோய் எதுவும் இல்லாமலே ஃபோன் இருக்கிற பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டு, மறுபக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாமல் நானும் எத்தனை நாள் இருந்திருக்கிறேன்! எனக்கு எந்த மிஸ் டேப் ஒட்டுவது? இப்போது சாப்பிடும்போது ஃபோனை எடுத்தால் அம்மா கத்துகிறார்: "சிவப்பு வரைக்கும் போ!"

மீசை மறுபடி முழுசாக வளர்ந்துவிட்டது. அப்பா தானே வெட்டிக்கொள்கிறார். ஆனாலும் இடது பக்கம் எப்போதும் கொஞ்சம் நீளமாகத்தான் நிற்கிறது. சரிசெய்யக் கத்தரிக்கோலோடு போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதைத் தொடாத. அது நான் உக்காருற பக்கம்."